ஏழாம் வரிசை, நான்காம் கட்டம்

பேராக் முன்னாள் தோட்டச் சமுதாய உருமாற்ற வாரியத்தின் அலுவலகம் ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. மின்தூக்கி கிடையாது. சமுதாயம் தன் சொந்தக் காலால் மேலே ஏறி வர வேண்டும் என்பது வாரியத்தின் கொள்கை என்று செயலாளர் சுகுமாரன் முதல் நாளே எனக்கு விளக்கினார். அவர் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. இரண்டு முட்டியும் தேய்ந்துபோன என் அம்மா வீரம்மா அந்தப் படிகளை நான்கு முறை ஏறியிருந்தார்.

எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கடிதம். ஆயர் தாவாரிலிருந்து உள்ளே நாலு மைலில், செம்பனை மரங்களுக்கு நடுவே எங்கள் தோட்டம். அது மூன்று கை மாறி, மூன்று பெயரும் மாறிவிட்டதால் நாங்கள் வெறுமனே மூணாம் டிவிஷன் என்போம். ரப்பர் பால்மரம் போய் நாற்பது வருடமாகிறது. மிச்சம் இருந்தது இருபத்திரண்டு வீடு. தோட்டத்தை வாங்கிய நிறுவனம் வருடக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரசாங்க நிலம் கொஞ்சம் லாலாங் புல் மண்டிச் சும்மா கிடந்தது. அதில் வீட்டுக்கு ஒரு மனை கேட்டு நில அலுவலகத்தில் மனுப் போட்டிருந்தோம். பதிவு பெற்ற சமுதாய அமைப்பு ஒன்று ஆதரவுக் கடிதம் கொடுத்தால் மனு நகரும் என்றார்கள். வாரியம் பதிவு பெற்றது. அதனால்தான் அந்தப் படிகள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பெயர் தர்மா. ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. கையுறைக்குள் காற்றடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன். ஓய்வு நேரத்தில் பலகை ஆட்டங்களை உருவாக்குவேன். வீட்டில் இதைப் பைத்தியம் என்பார்கள். நானும் மறுத்ததில்லை.

அப்போது நான் உருவாக்கிக்கொண்டிருந்தது நிலம் பிடிக்கிற ஆட்டம். கைப்பேசியில் ஆறு பேர் ஆடலாம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, மொத்தம் நூற்று நாற்பத்து நான்கு கட்டம். ஆளுக்கு ஐந்து தொழிலாளர் காய். காய் நிற்கிற கட்டம் உன்னுடையது; ஒரு கட்டத்தை நாலு பக்கமும் வளைத்துவிட்டால் அதுவும் உன்னுடையது. எல்லாரும் தங்கள் நகர்வை மறைவாகக் குறித்துவிட்டு ஒன்றாகத் திறக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் இந்த மாதிரி ஆட்டத்துக்கு ஒரு பழைய வியாதி உண்டு. முதலில் நாலு கட்டம் பிடித்தவன் அந்த நாலை வைத்தே நாற்பதைப் பிடிப்பான். மற்ற ஐந்து பேரும் மிச்ச நேரம் முழுக்க அவனை வேடிக்கை பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்ய எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அதிகக் கட்டம் வைத்திருப்பவன் அதிகக் காய்களைக் காவலுக்கு நிறுத்தியாக வேண்டும் என்று ஒரு விதி போட்டேன். தொழிற்சாலை கென்டீனில் மொச்சையும் பச்சைப்பயறும் வைத்து நண்பர்களோடு ஆடிப் பார்த்தபோது கடைசிச் சுற்று வரை யார் ஜெயிப்பார் என்றே தெரியவில்லை. அன்றைக்கு வந்த சந்தோஷம் எனக்குச் சம்பள உயர்வுக்குக்கூட வந்ததில்லை.

ஆட்டத்தின் வரைபடம் எங்கள் டிவிஷன்தான். டேப் பிடித்து அளந்து வரைந்தேன். கோயில், கணக்கெழுதும் கிராணியின் வீடு, பழைய ரப்பர்ப் பால் ஸ்டோர், ஆறு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாங்கள் கேட்டிருந்த இருபத்திரண்டு மனைகளையும் மனுவில் உள்ள அதே எண்களோடு வைத்தேன். அம்மாவுக்காகக் கேட்டிருந்த மனை ஏழாம் வரிசையில் நான்காம் கட்டம்.

நான்காவது முறை படியேறியபோதுதான் வாரியத் தலைவர் டத்தோ ஞானசேகரம் அலுவலகத்தில் இருந்தார். ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி; டத்தோ என்பது அரசு தந்த பட்டம். தைப்பிங்கில் பிறந்தவர். தோட்டத்துக்குள் தாம் கால் வைத்ததே இல்லை என்பதை ஒளிக்காமல் சொன்னார். தள்ளி நின்று பார்த்தால்தான் பிரச்சினை முழுதாகத் தெரியும் என்பது அவர் அபிப்பிராயம். இந்த மூணாம் டிவிஷன் எங்கே இருக்கிறது என்று கேட்டார். என்னிடம் இருந்த ஒரே வரைபடம் அந்த ஆட்டப் பலகைதான். அதை விரித்தேன். இவ்வளவு கட்டம் எதற்கு என்றார். இது ஓர் ஆட்டம் என்று உண்மையைச் சொன்னேன்.

சுகுமாரன் குனிந்து, எனக்கும் கேட்கிற மாதிரி, அவர் காதில் சொன்னார். அந்த வருடம் வாரியம் ஒரு டிஜிட்டல் திட்டமாவது செய்து காட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். ஆகஸ்டு வந்தும் ஒன்றும் ஆகவில்லையாம். டத்தோவின் முகம் மலர்ந்தது.

"தம்பி, உங்களுக்கு நிலம் வேணும். எங்களுக்கு டிஜிட்டல் வேணும். ரெண்டும் இந்த ஒரே பேப்பர்ல இருக்கு பாருங்க" என்றார்.

ஆட்டத்தை வாரியத்தின் பெயரில் முடித்துக் கொடுத்தால், வெளியீட்டு விழா மேடையிலேயே ஆதரவுக் கடிதத்தை அம்மா கையில் கொடுப்பதாகச் சொன்னார். அம்மா எழுந்து கும்பிட்டார். எனக்கும் கும்பிட வேண்டும் போலத்தான் இருந்தது.

ஆட்டத்தைச் செம்மைப்படுத்தப் பதினொரு பேர் கொண்ட குழு அமைத்தார்கள். அதில் யாரும் காய் நகர்த்துகிற டாம் ஆட்டம்கூட ஆடியதில்லை. முதல் கூட்டத்திலேயே, நிலத்தை வளைத்துப் பிடிப்பது பல்லின நாட்டுக்கு ஆகாது என்று முடிவாயிற்று. இனி ஒரு கட்டம் வேண்டுமென்றால் விண்ணப்பிக்க வேண்டும். சுற்றியுள்ள நான்கு கட்டத்துக்காரர்களும் ஆதரவு தர வேண்டும். பிறகு மூன்று சுற்று காத்திருக்க வேண்டும். இடையில் ஒருவர் தேநீர் குடிக்கப் போய்விட்டால் விண்ணப்பம் காலாவதியாகிவிடும்.

அந்த விதிப்படி குழுவே உட்கார்ந்து ஆடிப் பார்த்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆடினார்கள். யாருக்கும் ஒரு கட்டம்கூடக் கிடைக்கவில்லை. டத்தோ நெகிழ்ந்து போய், சண்டை சச்சரவே இல்லாத ஒரு நில ஆட்டத்தை உலகத்தில் முதல் முறையாகப் பார்ப்பதாகச் சொன்னார். நான் மெதுவாகக் கையைத் தூக்கினேன். கட்டமே இல்லாதவனுக்கு அண்டைக் கட்டம் ஏது, அண்டைக் கட்டம் இல்லாதவனுக்கு ஆதரவு ஏது, ஆக இல்லாதவனுக்குக் கடைசி வரை கிடைக்காதே என்றேன். குழுவில் ஒரு முன்னாள் தலைமையாசிரியர் இருந்தார். அதுதான் இதில் உள்ள கல்வி என்றார் அவர். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாவது கூட்டத்தில் தலைவருக்கு ஒரு காய் வேண்டும் என்று சுகுமாரன் சொன்னார். சாதாரணக் காய் ஒரு கட்டத்தில் நிற்கும். தலைவரின் காய் நான்கு கட்டத்தில் நிற்க வேண்டும், நடுவில் நிற்க வேண்டும், நகரக் கூடாது. துணைத் தலைவர் தமக்கு மூன்று கட்டம் போதும் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். பதினொரு பேருக்கும் இடம் ஒதுக்கி, கார் நிறுத்த இடம் விட்டு, வரவேற்பு வளைவும் வைத்த பிறகு ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஓர் அங்குலம் மிச்சமில்லை. ஐந்து சுற்றுக்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தித் தலைவர் காய்க்குப் பொன்னாடை போர்த்துவதும் சேர்ந்தது. என் எட்டு மாத உழைப்பான காவல் விதியை, தலைவர்களுக்கு அது சிரமம் கொடுக்கும் என்று ஒரே கோட்டில் அடித்தார்கள்.

தொழிலாளர் காய்களை எங்கே வைப்பது என்று கேட்டேன். அவர்கள்தானே ஆட்டத்தை ஆடுகிறவர்கள் என்றும் சொன்னேன்.

"அவங்க எங்கயும் போகலயே, பிரதர். ஆத்துக்கு அந்தப் பக்கம் வெச்சிருங்க. அங்க காலியாத்தான இருக்கு" என்றார் சுகுமாரன்.

எனக்கு உள்ளூரக் குதூகலம். அதை இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. ஆட்டம் நாசமாகிவிட்டது, சரி. ஆனால் இருபத்திரண்டு குடும்பமும் மனுவில் கேட்ட அதே மனைகளில், அவரவர் பெயரோடு போய் உட்காரலாம். நிஜத்தில் கிடைக்கிற வரை இதையாவது பார்ப்போம் என்று, வீடு வீடாகப் பெயரும் அடையாள அட்டை எண்ணும் வாங்கி ஒவ்வொரு கட்டத்திலும் எழுதினேன். ஏழாம் வரிசை நான்காம் கட்டத்தில் வீரம்மா த/பெ மாயாண்டி. அதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது கூட்டத்தில் ஆட்டத்திலிருந்து நகர்வை எடுத்துவிட்டார்கள். காய்கள் நகர்ந்தால் யாராவது முந்துவார்கள், யாராவது முந்தினால் சமுதாயத்தில் பிளவு வரும் என்று டத்தோ பயந்தார். ஆக, ஆட்டம் தொடங்கும்போது எல்லாரும் தத்தம் கட்டத்தில் நிற்பார்கள். அறுபது விநாடி கழித்து எல்லாரும் வெற்றி பெற்றதாகத் திரையில் வரும். கூடவே ஒரு சான்றிதழும் அச்சாகும். தொழிற்சாலையில் காற்றடித்தால் ஒரு விரலில் ஓட்டை தெரியும், அந்தக் கையுறையை ஒதுக்கிவிடுவேன். இதில் எந்தப் பக்கம் காற்றடித்தாலும் ஓட்டை. ஆனால் கடிதம் வேண்டுமே. தலையாட்டினேன்.

வெளியீட்டு விழா ஈப்போவில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. மூணாம் டிவிஷனுக்கு இரண்டு பஸ் வந்தது. காலை எட்டு மணிக்கு எங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். டத்தோ பதினொன்றேகாலுக்கு வந்தார். மண்டபத்துத் தரை முழுக்க என் வரைபடத்தைத் துணியில் அடித்து விரித்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மஞ்சள் பனியன். அதைப் போட்டுக்கொண்டு அவரவர் கட்டத்தில் போய் நிற்க வேண்டும். குழுவினருக்கு அவர்கள் கட்டத்தில் சோபா போட்டிருந்தார்கள். தொழிலாளர் கட்டங்களில் நாற்காலி போட்டால் காய் போல இருக்காது என்று சுகுமாரன் சொல்லிவிட்டதால் அம்மா நின்றார். அடுத்த கட்டத்தில் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் ராமையா அண்ணன், அம்மா சாயாமல் இருக்கத் தோளைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

டத்தோ நடுக் கட்டத்தில் ஏறி நின்று நாற்பது நிமிடம் பேசினார்.

"இந்த மக்கள் பரம்பரை பரம்பரையாக நிலம் கேட்டு நடந்தார்கள். இன்று நிலத்தில் நிற்கிறார்கள். நிலம் என்பது வெறும் மண் அல்ல, அது ஓர் உணர்வு. மண்ணை யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். அந்த உணர்வைக் கொடுக்க இந்த வாரியத்தால் மட்டுமே முடியும். நான் கேட்கிறேன், மண்ணைக் கொடுத்தால் இவர்கள் என்ன செய்வார்கள்? வீடு கட்டுவார்கள். அதோடு தீர்ந்தது. உணர்வைக் கொடுத்தால் அடுத்த வருடமும் இங்கே வருவார்கள்."

பலத்த கைத்தட்டல். எங்கள் ஆட்களும் தட்டினார்கள். நான்கு மணி நேரம் நின்றவர்களுக்குப் பேச்சு முடிந்ததே பெரிய நிம்மதி.

பிறகு ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். வரிசை எண், கட்ட எண், பெயர், அடையாள அட்டை எண், டத்தோவின் கையெழுத்து, மேலே பிளாஸ்டிக் உறை. வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சியாக மேடை ஓரத்து மேசையில் கையெழுத்துப் போட வேண்டும். வாரியத்திடம் எல்லா விழாவுக்கும் ஒரே படிவம்தான் இருக்கிறது. அரிசி, பள்ளிப்பை, சக்கர நாற்காலி, நிலம் என்று நான்கு பத்தி. ஆயிரக்கணக்கில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். ஆட்டத்துக்கு அதில் பத்தி இல்லை. சுகுமாரன் பேனாவை நான்கின் மேலும் ஓட்டிப் பார்த்தார். அரிசி இல்லை, பை இல்லை, நாற்காலி நிச்சயமாக இல்லை. நான்காவது பத்தியில் இருபத்திரண்டு டிக் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பார்த்தேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

மேடையில் ஒரு டத்தோ கையில் தாளோடு காத்திருக்கும்போது கீழே நின்று படிவத்தைப் படித்துப் பார்க்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. அது மரியாதைக் குறைவு. பின்னால் வரிசை நிற்கிறது, சாப்பாட்டுக்கு வைத்த மீகூன் ஆறுகிறது, பஸ்காரர் மணியைப் பார்க்கிறார். இருபத்திரண்டு பேரும் காட்டிய இடத்தில் போட்டார்கள். கடைசியாக டத்தோ ஓர் உறையை அம்மா கையில் கொடுத்தார். உள்ளே நாங்கள் கேட்ட ஆதரவுக் கடிதம்; நில அலுவலகத்துக்கு என்று முகவரி எழுதி ஒட்டியிருந்ததால் நாங்கள் பிரிக்கவில்லை. அவர் வாக்குத் தவறவில்லை என்பதை இங்கே நான் சொல்லியாக வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை நானும் அம்மாவும் ராமையா அண்ணனும் கடிதத்தோடு நில அலுவலகம் போனோம். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் நல்லவர். உறையைப் பிரித்துக் கடிதத்தைப் படித்துவிட்டு, அம்மாவைப் பெரியம்மா என்பது போல மக்சிக் என்று கூப்பிட்டு, வாழ்த்துச் சொன்னார். எதற்கு வாழ்த்து என்று கேட்டேன். கடிதத்தின் இரண்டாவது பத்தியைக் காட்டினார். மேற்கண்ட இருபத்திரண்டு குடும்பங்களுக்கும் அவர்கள் கோரிய அதே மனைகளை வாரியம் ஏற்கெனவே வழங்கிவிட்டது என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம், அரசாங்கத்துக்கு இனிச் சிரமமில்லை என்று மலாயில் எழுதியிருந்தது. கோப்பிலிருந்து அதன் பிரதி ஒன்றையும் எடுத்தார்; அதில் பின்னிணைப்பாக இருபத்திரண்டு சான்றிதழ்களின் நகலும் எங்கள் கையெழுத்துகளும் நான்காவது பத்தி டிக்குகளும் இருந்தன. அந்தப் பிரதி போன வாரமே தபாலில் வந்துவிட்டதாகவும், மனுக் கோப்பில் செலெசாய், அதாவது முடிந்தது என்று முத்திரை குத்திவிட்டதாகவும் சொன்னார்.

இது ஆட்டம், வெறும் ஆட்டம் என்றேன். கைப்பேசியில் திறந்தும் காட்டினேன். அறுபது விநாடி கழித்து அம்மா வெற்றி பெற்றார். அந்தப் பெண் மனுவையும் சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மனை எண் ஒத்துப்போனது. பெயர் ஒத்துப்போனது. அடையாள அட்டை எண் ஒத்துப்போனது. ஆற்றிலிருந்து எத்தனையாவது மனை என்பதுகூட ஒத்துப்போனது. ஒரு பக்கம் பதிவு பெற்ற வாரியமும் டத்தோவின் கையெழுத்தும். இன்னொரு பக்கம் கைப்பேசியை நீட்டிக்கொண்டு ஒருவன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் டத்தோவைத்தான் நம்பியிருப்பேன். கடிதம் தவறு என்று வாரியமே எழுதிக் கொடுத்தால் கோப்பைத் திறக்கலாம் என்றார். தமக்கு வருத்தமாக இருக்கிறது என்றும் சொன்னார். அவர் சொன்னது உண்மை என்றுதான் நம்புகிறேன்.

அம்மா ஐந்தாவது முறையாக அந்தப் படிகளை ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து எழுந்தார். டத்தோ எங்களைப் பொறுமையாகக் கேட்டார். மேசை மேல் அந்த வருட ஆண்டறிக்கை புதிதாக அச்சாகி வந்திருந்தது. அட்டையில் மஞ்சள் பனியனோடு அம்மா. ராமையா அண்ணனின் தோளை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள்.

"அறிக்கை மேலிடத்துக்குப் போயிருச்சு தம்பி. நிலம் பெற்ற குடும்பங்கள், போன வருஷம் பூஜ்யம், இந்த வருஷம் இருபத்திரண்டு. இப்ப நான் இதைத் திருப்பிப் பூஜ்யம்னு எழுதினா, சமுதாயமே பின்னுக்குப் போன மாதிரி ஆயிரும்லா. அந்தப் பழி உங்களுக்கு வேணுமா?"

"ஐயா, எனக்கு நெலம் கெடைக்கலன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றார் அம்மா.

"பொய்யா எழுதச் சொல்றீங்களேம்மா" என்று டத்தோ உண்மையாகவே வருந்தினார். "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எல்லாரும் பார்த்தாங்க. படம் இருக்கு."

எனக்கு அந்த மேசையைத் தூக்கிப் புரட்ட வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை. எங்களோடு படி இறங்கிய சுகுமாரன், அடுத்த வருடத் திட்டம் பற்றிச் சொன்னார். இன்னும் மூன்று தோட்டம், நூற்று நாற்பது குடும்பம். அந்த மாதிரி வேலைக்கு இனி என்னைக் கூப்பிடாதீர்கள், நான் வரமாட்டேன் என்றேன்.

"நீங்க வர வேணாம் பிரதர். உங்க ஃபைல் எங்ககிட்ட இருக்கு. பேரை மட்டும் மாத்தினா போதும்" என்றார்.

டிசம்பர் கடைசி வாரம் நிறுவனம் சொன்ன தேதியில் லோரி வந்தது. ஜெலாப்பாங்கில் நான் இருக்கிற இரண்டு அறை வீட்டுக்கு அம்மா வர வேண்டும். ராமையா அண்ணன் மகள் வீட்டுக்குச் சித்தியவான் போகிறார். மற்றவர்கள் எங்கெங்கோ. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தீபாவளி வாழ்த்துச் சொல்வது போல ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

மழை விட்டிருந்தது. லோரியில் அலமாரியை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா முன்சீட்டில் ஏறாமல், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து லாலாங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கோபம் இல்லாத குரலில்தான் கேட்டார்.

"ஏன்யா, எல்லா மனையையும் அம்புட்டுச் சரியா வரைஞ்சே? கொஞ்சம் தப்பா வரைஞ்சிருக்கக் கூடாதா?"

"ஆட்டம் நல்லா வரணும்னுதாம்மா" என்றேன்.

அம்மா தலையசைத்தார். பிறகு தன்னை லோரியில் ஏற்றிவிடச் சொல்லிக் கையை நீட்டினார்.